சாவி யாரிடம்?

கேரள மாநிலத்தில் இடுக்கி மாவட்டம் இருக்கிறது. அந்த மாவட்டத்தில் மூணாறு இருக்கிறது. அங்கே மலை முழுவதும் தேயிலைத் தோட்டங்கள். கொழுந்து எடுப்பவர்களில் மிகப் பலர் தமிழர்கள். பாட்டன், பூட்டன் காலத்தில் தென் மாவட்டங்களிலிருந்து மலை ஏறியவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள்.

அங்கே ஒரு லயத்தில் பேச்சியம்மாள் என்று ஒரு தாய் குடியிருப்பதாக வைத்துக்கொள்வோம். வயது 38. முப்பத்தைந்து வயது வரை அவர் கைநாட்டு. பிறகு முதியோர் வகுப்பில் சேர்ந்தார். இப்போது தமிழ் படிக்கிறார், எழுதுகிறார். எண்கள் மட்டும் அவருக்கு முன்பே தெரியும். கொழுந்து எடை போடும்போது கங்காணி என்ன எழுதுகிறார் என்று எட்டிப் பார்த்தே எண்களைக் கற்றுக்கொண்டார். எடையில் ஏமாந்தால் கூலியில் ஏமாறுவோம் அல்லவா?

அவருடைய மகள் தர்ஷினி. நான்காம் வகுப்பு படிக்கிறாள். பள்ளியில் கம்ப்யூட்டர் இருக்கிறது. "அம்மா, நம்ம வீட்லயும் ஒண்ணு வேணும்" என்று ஒரு வருடமாகக் கேட்கிறாள். இதுவரை வீட்டில் அப்பாவின் செல்போன் மட்டும்தான். அதைக் கையில் கொடுத்தால் பிள்ளை எங்கே போகிறாள், எதைப் பார்க்கிறாள் என்று தாய்க்குத் தெரிவதில்லை. விரல் ஓடும் வேகத்துக்குத் தாயின் கண் ஓடவில்லை. அதில் வரும் எழுத்தும் பெரும்பாலும் ஆங்கிலம். பக்கத்து லயத்தில் ஒரு பையன் போனில் விளையாடி, அப்பாவின் கணக்கிலிருந்து பணம் போய்விட்டது. அந்தப் பயமும் சேர்ந்துகொண்டது.

மகளின் பத்தாவது பிறந்த நாள் வந்தது. போனஸ் பணத்தில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. பேச்சியம்மாள் தன் அக்கா மகன் முருகேசனுக்குப் போன் செய்தார். அவன் பெங்களூரில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடையில் வேலை செய்கிறான்.

"புதுசு வாங்க முடியாதுப்பா. பழசா ஒரு லேப்டாப் கிடைக்குமா?"

"பழசே போதும் சித்தி. ஆனா பாத்து வாங்கணும். நானே வாங்கி, சரி பண்ணி எடுத்துட்டு வாறேன்."

அடுத்தவர் பூட்டு

பழைய மடிக்கணினிகள் எங்கிருந்து வருகின்றன? பெரிய அலுவலகங்கள் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை கம்ப்யூட்டர்களை மாற்றுகின்றன. பழையவற்றை மொத்தமாக விற்றுவிடுகின்றன. அவை பெங்களூர் எஸ்.பி. ரோடு, டெல்லி நேரு பிளேஸ், சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களுக்கு வருகின்றன. அலுவலகத்துக்காகச் செய்த பெட்டிகள் பெரும்பாலும் உறுதியானவை. பாகங்களும் எளிதில் கிடைக்கும். மேல் மூடியில் கீறல் இருந்தால் என்ன? பிள்ளைக்கு அது போதும்.

ஆனால் முருகேசன் முதலில் பார்த்த பெட்டியை வாங்கவில்லை. விலை குறைவு. பளபளவென்று இருந்தது. பொத்தானை அழுத்தியதும் திரையில் ஒரு கட்டம் வந்தது. அது கடவுச்சொல் கேட்டது. கடவுச்சொல் என்பதைத்தான் நாம் பாஸ்வேர்டு என்கிறோம்.

"இதெல்லாம் சாதாரணம் தம்பி, எடுத்துரலாம்" என்றார் கடைக்காரர்.

"அப்போ எடுத்துக் காட்டுங்கண்ணே, வாங்கிக்கிறேன்" என்றான் முருகேசன். கடைக்காரர் வேறு பெட்டியை எடுத்து வைத்தார்.

கம்ப்யூட்டரில் இரண்டு இடங்களில் பூட்டு இருக்கலாம். ஒன்று, கதவுக்கு உள்ளே இருக்கும் பூட்டு. பெட்டி முழுவதும் விழித்த பிறகு அது கேட்கும். எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஏற்றினால் அது போய்விடும். இன்னொன்று வாசலிலேயே இருக்கும் பூட்டு. பெட்டி கண் விழிக்கும்போதே கேட்கும். அதைப் போட்டவர் சொன்னால்தான் திறக்கும். சில பெட்டிகளில் உள்ளே இருக்கும் முக்கியப் பலகையையே மாற்ற வேண்டி வரும். அந்தச் செலவுக்கு வேறு பெட்டியே வாங்கிவிடலாம்.

வாசல் பூட்டு இருந்தால் இன்னொரு சந்தேகமும் வர வேண்டும். ஒழுங்காக விற்ற அலுவலகம் பூட்டை எடுத்துவிட்டுத்தான் விற்கும். பூட்டோடு வந்த பெட்டி திருட்டுப் பெட்டியாக இருக்கலாம். அழித்துப் புதிதாக ஏற்றிய பிறகும், இணையத்தில் சேர்த்தவுடன் ஒரு கம்பெனியின் பெயர் திரையில் வந்து நின்றால் அதுவும் அப்படித்தான். அந்தப் பெட்டி இன்னும் அந்தக் கம்பெனியின் பிடியில் இருக்கிறது என்று பொருள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டு அரசு 2011 முதல் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினிகளைக் கொடுத்தது. அரசு கொடுத்த அந்தப் பெட்டிகள் படிக்கிற பிள்ளைகளுக்கு உரியவை. அவை விற்பனைப் பொருள் அல்ல. கடையில் மலிவாக வந்தாலும் தொட வேண்டாம்.

ரசீது கேளுங்கள். பெட்டியின் அடியில் ஒரு வரிசை எண் இருக்கும். எழுத்தும் எண்ணும் கலந்திருக்கும். அதே எண் ரசீதிலும் இருக்க வேண்டும். ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். இதற்கு ஆங்கிலம் தெரிய வேண்டியதில்லை. உருவம் ஒன்றுபோல் இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

பேட்டரியையும் பாருங்கள். பெட்டியை மேசைமேல் வைத்தால் நான்கு மூலையும் பதிய வேண்டும். அடிப்பக்கம் புடைத்திருந்தால், அல்லது விரல் தேய்க்கும் பலகை மேலே தூக்கிக்கொண்டிருந்தால், பேட்டரி வீங்கியிருக்கிறது. வீங்கிய பேட்டரி தீப்பிடிக்கக் கூடியது. அதை அழுத்தக் கூடாது, குத்தக் கூடாது, சார்ஜ் போடக் கூடாது. மாற்றித் தந்தால் வாங்கலாம். பழைய பேட்டரி அரை மணி நேரமே நிற்கிறதா? அது குற்றம் இல்லை. வயதானால் அப்படித்தான். கரண்ட் இருக்கும்போது பயன்படுத்தலாம்.

முருகேசன் வாங்கிய பெட்டியில் நினைவகம் 4 ஜி.பி. இருந்தது. அதற்குக் குறைந்தால் திணறும். 8 இருந்தால் நல்லது. உள்ளே சுழலும் தட்டு உள்ள பழைய ஹார்டு டிஸ்க் இருந்தது. அதை எடுத்துவிட்டு, சுழலாத எஸ்.எஸ்.டி. போட்டான். ஆமை போல இருந்த பெட்டி முயல் ஆகிவிட்டது. பழைய பெட்டிக்குச் செலவு செய்ய ஒரே ஓர் இடம்தான் உண்டு என்றால், இதற்குச் செய்யலாம்.

எதை ஏற்றுவது?

கம்ப்யூட்டர் வெறும் பெட்டி. அது வேலை செய்ய உள்ளே ஓர் அடிப்படை நிரல் வேண்டும். அதை இயங்குதளம் என்பார்கள். விண்டோஸ் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பழைய பெட்டிகள் பலவற்றில் விண்டோஸ் 10 இருக்கும். அதற்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் கொடுத்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. அடுத்ததான விண்டோஸ் 11, பழைய பெட்டிகள் பலவற்றை ஏற்றுக்கொள்வதில்லை. அதனால்தான் நல்ல பெட்டிகள்கூட இப்போது மலிவாக விலைக்கு வருகின்றன.

லினக்ஸ் என்று இன்னொரு இயங்குதளம் உண்டு. அதற்கு விலை இல்லை. யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம், மற்றவருக்கும் கொடுக்கலாம். அது திருட்டு அல்ல. அப்படிப் பகிர்வதற்காகவே செய்தது. கேரளத்து அரசுப் பள்ளிகளில் இருப்பதும் லினக்ஸ்தான். அங்கே 2001இல் 'ஐ.டி. அட் ஸ்கூல்' என்று ஒரு திட்டம் தொடங்கியது. 2017இல் அது 'கைட்' என்ற அரசு நிறுவனமாக மாறியது. பள்ளிகளுக்காக அவர்கள் தொகுத்த லினக்ஸை எவரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். பள்ளியில் பார்க்கும் அதே திரையை வீட்டிலும் பார்த்தால் பிள்ளைக்குத் தயக்கம் இருக்காது. முருகேசன் அதையே ஏற்றினான். பெட்டி இன்னும் பழையது என்றால் லினக்ஸ் மின்ட் என்பதில் இலகுவான வகை ஒன்று இருக்கிறது. அதைப் போடலாம்.

ஏற்றும்போது பழையவர் விட்டுச்சென்ற எல்லாவற்றையும் அழித்துவிட வேண்டும். அடுத்தவர் குப்பை நம் பிள்ளைக்கு எதற்கு?

பிறகு உள்ளே என்ன வைப்பது? ஜிகாம்ப்ரி என்று ஒரு தொகுப்பு உண்டு. சின்னப் பிள்ளைகளுக்கானது. கணக்கு, எழுத்து, வரைபடம், சதுரங்கம் என்று நூற்றுக்கும் மேற்பட்ட பயிற்சிகள் அதில் இருக்கின்றன. ஒரு பிரெஞ்சுக்காரர் 2000ஆம் ஆண்டில் தொடங்கியது. 'எனக்குப் புரிந்துவிட்டது' என்று பொருள் தரும் பிரெஞ்சுச் சொற்களிலிருந்து அந்தப் பெயர் வந்தது. படம் வரைய டக்ஸ் பெயின்ட். கட்டுரை எழுத லிப்ரே ஆபீஸ். எல்லாமே இலவசம்.

இன்னொன்று கிவிக்ஸ். இது மிக நல்ல பொருள். விக்கிப்பீடியா என்ற கலைக்களஞ்சியத்தை அப்படியே இறக்கி, இணையம் இல்லாமல் படிக்க உதவும். தமிழ் விக்கிப்பீடியா 2003 முதல் இருக்கிறது. முருகேசன் அதைப் பெங்களூரிலேயே இறக்கிப் பெட்டிக்குள் வைத்துவிட்டான். மூணாற்றில் டவர் கிடைக்காவிட்டாலும் தர்ஷினி யானையைப் பற்றிப் படிக்கலாம், நிலாவைப் பற்றிப் படிக்கலாம். தன் பாடப் புத்தகங்களையும் படிக்கலாம். பாடநூல்களின் கோப்புகளையும் அவன் இறக்கி வைத்திருந்தான்.

தமிழில் தட்டச்சு செய்ய 'தமிழ் 99' விசைப்பலகையைப் போட்டான். 1999இல் சென்னையில் நடந்த மாநாட்டை ஒட்டி ஏற்பட்ட முறை அது. க விசையையும் ஆ விசையையும் தட்டினால் 'கா' வரும். எழுத்துக்கூட்டிப் படித்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும்.

இரண்டு விளையாட்டுகளையும் வைத்தான். இதைச் சிலர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். படிப்பு மட்டும்தான் இருக்க வேண்டும் என்பார்கள். விளையாட்டே இல்லாத பெட்டி பத்தாம் நாள் பீரோவுக்குள் தூங்கப் போய்விடும். பரிசு என்று கொடுத்துவிட்டுப் பாடப் புத்தகத்தை நீட்டினால் எந்தப் பிள்ளைக்கு மகிழ்ச்சி வரும்?

இரண்டு பெயர், இரண்டு சாவி

பிறந்த நாளுக்கு முதல் நாள் இரவு முருகேசன் வந்து சேர்ந்தான். பிள்ளை தூங்கிவிட்டாள். அடுப்படியில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்தான்.

"சித்தி, இதுல ரெண்டு பேர் வைக்கணும். ஒண்ணு உங்க பேரு. இன்னொண்ணு தர்ஷினி பேரு."

"எனக்கு எதுக்குடா? எனக்கு ஒண்ணும் தெரியாதே."

"உங்க பேர்லதான் அதிகாரம் இருக்கும்."

கம்ப்யூட்டரில் நுழையும் ஒவ்வொருவருக்கும் ஒரு கணக்கு உண்டு. பேங்கில் கணக்கு இருப்பது போல. அதில் இரண்டு வகை. ஒன்று நிர்வாகி கணக்கு. அந்தக் கணக்குக்காரர் புதிய நிரலைப் போடலாம், எடுக்கலாம், கடிகாரத்தை மாற்றலாம், மற்றவர் கணக்கை அழிக்கலாம். இன்னொன்று சாதாரணக் கணக்கு. அதில் படிக்கலாம், எழுதலாம், வரையலாம், விளையாடலாம். புதிதாக ஒன்றைப் போட வேண்டும் என்றால் பெட்டி நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கேட்கும். வீடு முழுவதும் பிள்ளை ஓடி விளையாடலாம், ஆனால் பீரோ சாவி அம்மாவின் இடுப்பில். அதுதான் இது.

பலர் இங்கே ஒரு தவறு செய்கிறார்கள். பெட்டியைத் தயார் செய்யும்போது முதலில் உண்டாக்கும் கணக்குதான் நிர்வாகி கணக்கு. விண்டோஸிலும் அப்படித்தான், லினக்ஸிலும் அப்படித்தான். 'பிள்ளைக்குத்தானே' என்று முதல் கணக்கைப் பிள்ளையின் பெயரில் உண்டாக்கிவிடுகிறார்கள். சாவிக்கொத்தையே பிள்ளையிடம் கொடுத்த மாதிரி ஆகிறது. முதல் கணக்கு பெரியவருக்கு. இரண்டாவது கணக்கு பிள்ளைக்கு. இந்த வரிசை மாறக் கூடாது.

முருகேசன் சொன்னான்: "உங்க பாஸ்வேர்டை நானே வச்சுக்கிறேன் சித்தி. ஏதாவது வேணும்னா போன் பண்ணுங்க. உங்களுக்கு எதுக்குச் சிரமம்?"

அவன் நல்ல எண்ணத்தில்தான் சொன்னான். பேச்சியம்மாள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சாவி எங்கிட்ட இருக்கட்டும்ப்பா" என்றார். "கைநாட்டு வச்ச காலத்துல எல்லாத்துக்கும் ஒருத்தரைத் தேடிட்டுப் போனேன். மனு எழுத ஒருத்தர். பேங்குக்கு ஒருத்தர். இதுக்கும் பெங்களூருக்குப் போன் போடணுமா?"

முருகேசன் பதில் பேசவில்லை. பெட்டியை அவர் பக்கம் திருப்பி வைத்தான்.

கடவுச்சொல் எப்படி இருக்க வேண்டும்? பிள்ளையின் பிறந்த நாள் வேண்டாம். போன் நம்பர் வேண்டாம். 1234 வேண்டாம். இவற்றைப் பிள்ளை முதலிலேயே போட்டுப் பார்த்துவிடும். ஆங்கில எழுத்துத் தெரிந்தவர்கள், ஒன்றோடொன்று தொடர்பில்லாத மூன்று நான்கு சொற்களைச் சேர்த்து வைக்கலாம். பேச்சியம்மாளுக்கு ஆங்கில எழுத்து வராது. ஆனால் எண்களில் கெட்டி. அவருக்கு நன்றாக நினைவிருக்கும் ஐந்து நாள்களின் கொழுந்து எடையை எடுத்தார். ஒரு நாள் மழை. ஒரு நாள் அவருக்குக் காய்ச்சல். ஒரு நாள் அந்தப் பிரிவிலேயே அவர்தான் முதல். ஐந்து எடைகளையும் வரிசையாக வைத்தால் பத்து எண்கள். வேறு யாருக்கும் அது தெரியாது. அந்த எண் என்ன என்று நாமும் இங்கே எழுதவில்லை. புத்தகத்தில் அச்சிட்டால் அது ரகசியமா?

பெட்டி வெளியூரிலோ பல பேர் புழங்கும் இடத்திலோ இருந்தால் வெறும் எண் போதாது. எழுத்தும் கலக்க வேண்டும். வீட்டுக்குள் பத்து வயதுப் பிள்ளைக்காக என்றால் இது போதும்.

"நீ அந்தப் பக்கம் திரும்பு" என்றார் பேச்சியம்மாள். முருகேசன் சுவரைப் பார்த்து உட்கார்ந்தான். அவர் ஒற்றை விரலால் ஒவ்வோர் எண்ணாகத் தட்டினார். திரையில் எண் தெரியவில்லை. புள்ளி புள்ளியாக விழுந்தது. முதல் முறை தப்பு. ஓர் எண்ணை இரண்டு தடவை அழுத்திவிட்டார். இரண்டாம் முறை கதவு திறந்தது.

அந்த எண்ணைத் தன் கையால் ஒரு தாளில் எழுதினார். எங்கே வைப்பது? சாமி படத்துக்குப் பின்னால் வேண்டாம். பிள்ளைகள் முதலில் தேடும் இடம் அதுதான். ரேஷன் கார்டு இருக்கும் தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்.

வாசலிலேயே போடும் பூட்டைப் பற்றி மேலே சொன்னோம். அதையும் நாமே போட்டுக்கொள்ளலாமா? போடலாம். ஆனால் சின்னப் பிள்ளை இருக்கும் வீட்டில் அது தேவையில்லை என்பது நம் கருத்து. மறந்துவிட்டால் பெரிய தொல்லை. நிர்வாகி கடவுச்சொல் மறந்தால் விவரம் தெரிந்தவர் வந்து மாற்றிக் கொடுத்துவிடலாம். அப்படியென்றால் விவரம் தெரிந்த யாரும் அந்தப் பூட்டைத் திறக்கலாம் என்றுதானே பொருள்? ஆமாம். பெரிய பிள்ளைகளுக்கு இந்தப் பூட்டு நிற்காது.

சல்லடை

முதல் மூன்று மாதம் இணையம் வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். உள்ளே இருப்பதே அவ்வளவு இருக்கிறது. அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம், அப்பாவின் போனிலிருந்து இணையம் கொடுப்பது என்று பேசிக்கொண்டார்கள். அப்போதும் அம்மாவோ அப்பாவோ பக்கத்தில் இருக்க வேண்டும்.

இணையத்தில் ஒவ்வோர் இடத்துக்கும் முகவரி கண்டுபிடித்துக் கொடுக்க ஒரு சேவை உண்டு. சில சேவைகள், மோசமான இடங்களின் முகவரியைக் கேட்டால் கொடுக்காது. கிளவுட்ஃபிளேர் என்ற நிறுவனம் 2020 முதல் குடும்பங்களுக்காக இப்படி ஒன்றை இலவசமாக நடத்துகிறது. அதன் எண் 1.1.1.3. முருகேசன் இந்த எண்ணைப் பெட்டியில் பதித்தான். ஆபாசப் பக்கங்களையும், தீய நிரல்களைப் பரப்பும் பக்கங்களையும் அது தடுக்கும்.

"அப்போ இனி பயமில்லையா?" என்று கேட்டார் பேச்சியம்மாள்.

"ஃபேக்டரில சல்லடை பாத்திருக்கீங்கல்ல? பெரிய இலை நிக்கும். தூள் போயிரும். அதுபோலத்தான் சித்தி. சுவரு இல்ல, சல்லடை."

அவன் சொன்னது உண்மை. எந்தச் சல்லடையும் ஆளைத் தடுக்காது. முகம் தெரியாத ஒருவர் பிள்ளையிடம் இனிமையாகப் பேசிப் படம் கேட்டால், அதை எந்த எண்ணும் தடுக்காது. பிள்ளை வந்து தாயிடம் சொன்னால்தான் தெரியும். சொன்னால் பெட்டியைப் பிடுங்கிவிடுவார்கள் என்று பிள்ளை பயந்தால், சொல்லவே சொல்லாது. ஆகவே பூட்டு போடும்போதே ஒரு வாக்குக் கொடுக்க வேண்டும். 'பயப்படும்படி எதையாவது பார்த்தால், யாராவது எதையாவது கேட்டால், என்னிடம் சொல். உன்னைத் திட்ட மாட்டேன். பெட்டியையும் பிடுங்க மாட்டேன்.' கொடுத்த வாக்கைக் காப்பாற்றவும் வேண்டும். அதுதான் கடினம்.

குழந்தைகளுக்கு ஆபத்து என்றால் 1098 என்ற எண்ணை அழைக்கலாம். இணையத்தில் பணம் பறிபோனால் உடனே 1930. இந்த இரண்டு எண்களும் இந்தியா முழுவதற்கும் பொதுவானவை. சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள்.

ஒரு நாளைக்கு முக்கால் மணி நேரம் என்று நேரத்தையும் பெட்டியிலேயே அளந்து வைத்தான். நேரம் முடிந்ததும் அதுவே பிள்ளையை வெளியேற்றிவிடும். தாய் கத்த வேண்டியதில்லை. கடிகாரத்தைப் பின்னால் தள்ளிவைத்து ஏமாற்றவும் முடியாது. அதற்கும் நிர்வாகி சாவி வேண்டும்.

திரைக்கு மேலே இருக்கும் கேமராக் கண்ணின்மேல் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டினான். வேண்டும்போது எடுத்துக்கொள்ளலாம்.

மூணாற்றுக் குளிரில் இன்னொரு கவனமும் வேண்டும். பிள்ளைகள் பெட்டியைக் கம்பளிக்குள் இழுத்து வைத்துக்கொள்வார்கள். பெட்டியின் பக்கத்திலும் அடியிலும் காற்றுத் துளைகள் இருக்கின்றன. கம்பளி அவற்றை அடைத்தால் சூடு ஏறும். சார்ஜ் போடும்போது கம்பளி, மெத்தை எதன்மேலும் வைக்கக் கூடாது. ஒரு பலகை போதும். மழைக்காலத்தில் சுவர் ஓரமாக வைக்காதீர்கள். ஈரம் ஏறும்.

பிறந்த நாள்

காலையில் பெட்டியைப் பார்த்ததும் தர்ஷினி துள்ளிக் குதித்தாள். உடனே அதில் பூட்டு இருக்கிறது என்று பேச்சியம்மாள் சொல்லிவிட்டார். இதை மறைக்கக் கூடாது. ஒளித்து வைத்த பூட்டைப் பிள்ளை ஒருநாள் கண்டுபிடிக்கும். அன்று நம்பிக்கை போய்விடும்.

"ஏம்மா பூட்டு? நான் திருடியா?" என்று கேட்டாள் தர்ஷினி. கேட்கத்தான் செய்வாள்.

"நீ திருடி இல்ல. வெளியில இருக்கவங்களுக்காகப் போட்டது. உனக்கு என்ன வேணும்னாலும் எங்கிட்ட கேளு. ரெண்டு பேரும் பாத்து, நல்லதுன்னா நான் திறந்து விடுறேன். பன்னெண்டு வயசுல கொஞ்சம் பூட்டு எடுப்பேன். பதினஞ்சுல இன்னும் கொஞ்சம்."

"எழுதித் தா."

பேச்சியம்மாள் எழுதிக் கொடுத்தார். இரண்டு வரி எழுத அவருக்கு ஐந்து நிமிடம் ஆனது. தேதி போட்டார். கீழே கையெழுத்தும் போட்டார். தர்ஷினி அதைத் தன் கணக்கு நோட்டில் ஒட்டிக்கொண்டாள்.

ஒரு மாதம் ஆனது. பள்ளியில் டீச்சர், கோணம் வரையும் நிரல் ஒன்றைக் காட்டினார். அது வீட்டுப் பெட்டியிலும் வேண்டும் என்றாள் தர்ஷினி. ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் போனிலிருந்து இணையம் கொடுத்தார்கள். மூன்று மாதம் என்று சொன்னது அன்று ஒரு மணி நேரம் தளர்ந்தது. பிள்ளை நிரலைத் தேடி எடுத்தாள். பெட்டி ஒரு கட்டத்தைக் காட்டியது. நிர்வாகியின் சாவி வேண்டும்.

பேச்சியம்மாள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தார். தாளை எடுக்கவில்லை. "அந்தப் பக்கம் திரும்புடி" என்றார். பத்துப் புள்ளிகள் விழுந்தன. கதவு திறந்தது.

கட்டத்தின் மேலே தமிழில் ஒரு பெயர் இருந்தது. முருகேசன் அன்று இரவு தட்டிய பெயர். இத்தனை நாள் அவர் அதைக் கவனிக்கவில்லை. எழுத்துக்கூட்டிப் படித்தார். பே-ச்-சி-ய-ம்-மா-ள்.

"சரியாத்தான் போட்டிருக்கான்" என்றார்.

பேசுவோம், எழுதுவோம்

முருகேசன் முதலில் பார்த்த பெட்டியை ஏன் வாங்கவில்லை? முதல் கணக்கு யார் பெயரில் இருக்க வேண்டும்? உங்கள் வீட்டுப் போனின் பூட்டு எண் யார் யாருக்குத் தெரியும்? ஒரு நாளைக்கு 45 நிமிடம் என்றால் வாரத்துக்கு எத்தனை மணி நேரம், எத்தனை நிமிடம்? கணக்குப் போட்டுப் பாருங்கள். பேச்சியம்மாள் மகளுக்கு எழுதிக் கொடுத்த அந்த இரண்டு வரி என்னவாக இருக்கும்? உங்கள் நோட்டில் எழுதுங்கள். தேதி போட்டுக் கையெழுத்தும் போடுங்கள்.